வீடியோவின் ஓரத்தில் ஒரு கை

எங்கள் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக் கணக்கு என்றால் நான்தான். பதினெட்டு வருஷமாக அந்த வகுப்பை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, இல்லையென்று சொன்னால் பொய். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் பட்டாசு. எனக்குத் தெரியாமல் கூப்பிடுவதாக அவர்களுக்கு நினைப்பு. என் காது நன்றாகவே கேட்கும்.

அந்தத் திமிரில்தான் தலைமையாசிரியை கை வைத்தார். என்னைவிட வயதில் இளையவர், அதனால் எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

"டீச்சர், இந்த மாசக் கடைசிக்குள்ள எல்லாரும் அந்த ஆன்லைன் மேம்பாட்டுப் பயிற்சிய முடிச்சுச் சான்றிதழ் காட்டணும். காட்டலன்னா அடுத்த வருஷம் பத்தாவது கிடையாது. ஆறாவதுக்குத்தான் போகணும்."

"எனக்கும் சேர்த்தா சொல்றீங்க?"

"உங்களுக்குத்தான் டீச்சர் முதல்ல சொல்றேன்."

மேம்பாடு என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன பள்ளத்திலா கிடக்கிறேன், மேலே தூக்கிவிட? ஆறாவதும் ஒரு வகுப்புதான், மறுக்கவில்லை. ஆனால் காலையில் எழுந்து, முட்டிவலியோடு மூன்று மாடி ஏறி நான் போவது பத்தாவதுக்காகத்தான். அந்த வகுப்பு இல்லாமல் அந்தக் கட்டடத்துக்குள் எதற்காக நுழைவது என்றே எனக்குத் தெரியாது. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் விடுமுறையிலேயே பயிற்சியை முடித்துவிட்டார்கள். மிஞ்சியது நானும் டிரில் மாஸ்டரும். மைதானத்தில் விசில் ஊதும் மனுஷனுக்கு எதற்கு ஆன்லைன் பயிற்சி என்று கேட்டால், அவருக்கும் அது தெரியவில்லை. "உயரம் தாண்டறத எப்படி டீச்சர் ஆன்லைன்ல சொல்லிக் குடுக்கிறது? கேமராவத் தாண்டிக் காட்டவா?" என்று என்னிடமே கேட்டார். ஆனால் கம்ப்யூட்டரில் எந்தப் பொத்தானை அழுத்தவும் அவருக்குப் பயமில்லை. நான் ஒரு பொத்தானை அழுத்துவதற்குள் அவர் நான்கை அழுத்திவிட்டு, எதுவும் ஆகவில்லை என்றால் ஐந்தாவதைத் தேடுவார். பள்ளி விட்ட பிறகு கம்ப்யூட்டர் அறையில் நாங்கள் இருவரும் இப்படி உட்கார்ந்தோம்.

முதல் சண்டை கடவுச்சொல்லோடு. நான் எதைக் கொடுத்தாலும் 'பலவீனமானது' என்று சிவப்பில் சொன்னது. யாரைப் பார்த்துப் பலவீனம் என்கிறது? ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் சூத்திரத்தை அடைப்புக்குறி உட்பட முழுசாக அடித்தேன். 'மிகவும் வலுவானது' என்று பச்சைக்கு மாறியது. எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் உள்ளே நுழைய முடியவில்லை. பிளஸ் குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விட்டேனா இல்லையா என்று நினைவில்லை.

அடுத்தது பெயர். 'கணக்கு டீச்சர்' என்று கொடுத்தால் ஏற்கெனவே யாரோ எடுத்துக்கொண்டார்களாம். 'கணிதம்', 'சமன்பாடு', எல்லாம் போய்விட்டது.

"பட்டாசுன்னு போட்டுப் பாருங்களேன்," என்று சொல்லிவிட்டு டிரில் மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உங்களுக்குமா தெரியும்?"

"ஊருக்கே தெரியும் டீச்சர்."

போட்டேன். கிடைத்துவிட்டது.

முதல் நேரடிக் கூட்டத்தில் நடந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. எங்கெங்கோ இருக்கும் ஆசிரியர்கள் சின்னச் சின்னக் கட்டங்களில் தெரிந்தார்கள். நான் டிரில் மாஸ்டரிடம், "இந்த அம்மா பேசிப் பேசியே நம்மளக் கொல்லப் போறாங்க," என்றேன். பயிற்சி நடத்திய அம்மா பேச்சை நிறுத்தினார். "பட்டாசு, உங்க மைக் திறந்திருக்கு," என்றார். அடுத்த நிமிஷமே, 'உங்களைத் தனி அறைக்கு அனுப்புகிறோம்' என்று திரையில் எழுத்து வந்தது. இரண்டு பேரைத் தவிர எல்லாரும் மறைந்துவிட்டார்கள். வகுப்பில் பேசுகிற பிள்ளையை நான் வெளியே அனுப்புகிற மாதிரி என்னையும் அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வாய் திறக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது கலந்து பேசுவதற்கான சிறு குழு என்பதும், கூட இருந்த இருவர் நான் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள் என்பதும் எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. டிரில் மாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இதெல்லாம் தட்டுத் தடுமாறி முடிந்தது. கடைசிக் கட்டம்தான் முக்கியம். நான் ஒரு பாடம் நடத்தி, அதைப் படம் பிடித்து, தளத்தில் ஏற்ற வேண்டும். முகம் தெரியாத இன்னொரு ஆசிரியரை எனக்கு இணையாகப் போடுவார்கள். அவர் பாடத்தை நான் பார்த்து மதிப்பிட வேண்டும், என் பாடத்தை அவர் பார்த்து மதிப்பிட வேண்டும். இரண்டும் முடிந்தால்தான் சான்றிதழ்.

படம் பிடிக்க டிரில் மாஸ்டர் தன் செல்போனைக் கொண்டுவந்தார். பத்தாவது வகுப்பில் கடைசி பெஞ்சின் மேல், தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு மைதானத்துக்குப் போய்விட்டார். அந்த பெஞ்சில் உட்காருகிற பெண்ணுக்கு நான் வைத்த பெயர் மௌனசாமி. வருஷம் முழுக்க வாயே திறக்காது. நோட்டில் எல்லாக் கணக்கும் பாதியோடு நிற்கும். நானும் அடியில் சிவப்பு மையில் 'என்னை வந்து பார்க்கவும்' என்று எழுதி எழுதி அலுத்துவிட்டேன். இப்படி எழுதினால் பாதிப் பேர் வருவதில்லை. வராதவர்களை நான் தேடிப் போவதும் இல்லை.

அன்று இருபடிச் சமன்பாடு. வெளுத்து வாங்கினேன் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் வீடியோவைப் போட்டுப் பார்த்தால், திரை முழுக்க என் முதுகு. அதற்கு அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு போர்டு. குரல் மட்டும் கணீரென்று கேட்கிறது.

"அறிவிருக்கா மாஸ்டர் உங்களுக்கு? இப்படியா வைக்கிறது? என் முதுகத் தவிர ஒரு எழுத்தாவது தெரியுதா?"

"நான் என்ன டீச்சர் பண்றது? பெஞ்சு மேலதான் வச்சேன். பசங்க உக்கார்ற எடம்தானே?"

"பசங்க உக்காரட்டும். கேமராவ யாராவது அங்க வைப்பாங்களா?"

மறுபடியும் எடுக்க நேரமில்லை, திருப்புதல் தேர்வு தொடங்கப்போகிறது. தலையெழுத்தே என்று அதையே ஏற்றினேன். முழுசாக உட்கார்ந்து பார்க்கவும் இல்லை. என் குரலைக் கேட்க எனக்கே சகிக்கவில்லை.

எனக்கு இணையாக வந்தவர் பெயர் 'பென்சில்'. ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. அவர் வீடியோவைத் திறந்தால் ஒரு கை, ஒரு தாள், ஒரு பென்சில். அவ்வளவுதான். முகமே இல்லை. ஒரு ஆணின் குரல், பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி மெதுவாகப் பேசியது. கடன் வாங்கிக் கழித்தல். "பன்னெண்டுல ஏழு போனா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். நான் வீடியோ நின்றுவிட்டது என்று நினைத்துப் பொத்தானைத் தட்டினேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரொம்ப நேரம் கழித்து ஒரு சின்ன விரல் வந்து தாளில் ஒரு எண்ணைத் தொட்டது. "அதேதான்," என்றார் அவர். எனக்குப் பொறுமை போய்விட்டது. வேகத்தைக் கூட்டி ஓட்டி முடித்தேன்.

மதிப்பீட்டுக்கு மூன்று பெட்டிகள் இருந்தன. எது நன்றாக இருந்தது, எதை மாற்றலாம், இணையரிடம் கேட்க ஒரு கேள்வி; அதற்கு அவர் பதிலும் எழுத வேண்டும். முதல் பெட்டியில் 'தாள் சுத்தமாக இருந்தது' என்று போட்டேன். எழுத்தைச் சிவப்பாக்க ஒரு பொத்தான் இருப்பதை அன்றுதான் கண்டுபிடித்திருந்தேன். இரண்டாவது பெட்டியைச் சிவப்பிலேயே நிரப்பினேன். முகம் காட்டாமல் பாடம் எடுப்பது என்ன பழக்கம்? குரல் கடைசி பெஞ்சுக்குக் கேட்காது. அவர் போடும் மூன்று எட்டு மாதிரி இருக்கிறது. ஒரு கழித்தலுக்கே இவ்வளவு நேரம் என்றால் பாடத்திட்டத்தை எந்தக் காலத்தில் முடிப்பது? மூன்றாவது பெட்டிக்கு வந்தபோது கேள்வி எதுவும் தோன்றவில்லை. கை தானாகவே அடித்துவிட்டது: 'என்னை வந்து பார்க்கவும்.'

எட்டிப் பார்த்த டிரில் மாஸ்டர் பதறினார். "ஐயோ டீச்சர், அவரு எந்த மூலையில இருக்காரோ. எங்க வந்து உங்களப் பார்ப்பாரு?"

அதற்குள் அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொத்தானை அவருக்கு முன்னால் அழுத்தியது அன்றுதான். திரும்பப் பெறுவது எப்படி என்று இருவருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. தினமும் என் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். 'இணையரின் மதிப்பீட்டுக்காகக் காத்திருக்கிறது' என்றே இருக்கும். டிரில் மாஸ்டருக்குக் கிடைத்த இணை ஒரு சங்கீத டீச்சர். உயரம் தாண்டுதலைப் பார்த்துவிட்டு 'தாளம் அருமை' என்று எழுதி, அவருக்குச் சான்றிதழே வந்துவிட்டது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சுற்றினார். தலைமையாசிரியை என்னிடம் வந்தார்.

"டீச்சர், அடுத்த வருஷத்து டைம்டேபிள் போட ஆரம்பிச்சுட்டேன். ஆறாவதுல உங்க பேர எழுதிடவா?"

"இன்னும் மாசம் முடியல இல்ல? அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஸ்டாஃப் ரூமில் என் நாற்காலி எப்போதும் ஜன்னலைப் பார்த்துத்தான் கிடக்கும். வாசலைப் பார்த்தால் யாராவது வந்து தொணதொணப்பார்கள். அன்று ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே கண்ணில் படவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். நானே கெடுத்துக்கொண்டேனே என்று இருந்தது. யாரோ ஒருவர் என் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு, போடி இவளே என்று மூடிவைத்துவிட்டார். அதற்காக என் வகுப்பு போகப்போகிறது.

வீட்டில் என் கணவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர், என் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றினார்.

"இன்னிக்கு உங்க ஸ்கூல் பொண்ணு ஒண்ணு அம்மாவோட கடைக்கு வந்துச்சு. போர்டு தெரியலையாம். எல்லா எழுத்தையும் படிக்க வச்சுப் பார்த்தேன். கழுகுக் கண்ணு. நல்லா இருக்கிற கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக் கெடுக்காதீங்கம்மான்னு அனுப்பிட்டேன்."

"படிக்காம இருக்க இப்ப இது ஒரு சாக்கு," என்றேன். "கண்ணு தெரியல, காது கேக்கல. எங்கிட்ட வந்து சொல்லட்டும், நான் தெரிய வைக்கிறேன்."

"உங்கிட்ட வந்து சொல்ல யாருக்கும்மா தைரியம் இருக்கு? எனக்கே கிடையாது," என்று சொல்லிவிட்டு அவர் கைகழுவப் போய்விட்டார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. டிரில் மாஸ்டர்தான் என் மின்னஞ்சலைத் திறந்து பார்க்கலாம் என்றார். நான் அதைத் திறப்பதே இல்லை. கடன் வேண்டுமா, வீடு வேண்டுமா என்று கண்டவன் எல்லாம் எழுதுவான். அவர் மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"டீச்சர், உங்களப் பார்க்க ஒருத்தர் மூணு நாளா வந்து வந்து போறாரு."

"யாரு? எங்க?"

"பென்சில். வந்து பார்க்கச் சொல்லியிருந்தீங்க இல்ல? தினமும் அஞ்சு மணிக்கு ஒரு வீடியோ கூட்டம் ஏற்பாடு பண்ணி உங்களுக்கு அழைப்பு அனுப்பியிருக்காரு. பாருங்க, 'பென்சில் அறையில் காத்திருக்கிறார்'. நேத்து. முந்தாநேத்து. அதுக்கு முந்தின நாளும்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முகம் தெரியாத ஒரு மனுஷன், நான் கூப்பிட்டேன் என்று வந்து, ஆளில்லாத அறையில் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கடிகாரத்தைப் பார்த்தேன். அஞ்சு மணியாகச் சில நிமிஷம் இருந்தது. அன்றைக்கும் அழைப்பு வந்திருந்தது. தலையைக் கோதிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

திரையில் ஒரு நீண்ட தாழ்வாரம் தெரிந்தது. என் வயதுக்காரர் ஒருவர், முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டபடி இருந்தார். அவருக்குப் பின்னால் யாரோ ஒரு சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"வணக்கம் டீச்சர். வந்துட்டேன்," என்றார். அதே மெதுவான குரல்.

"சார், மன்னிச்சுக்கோங்க. நோட்டு திருத்தித் திருத்திக் கை அதுவா அடிச்சிடுச்சு. நீங்க நிஜமாவே வருவீங்கன்னு..."

"அதுக்கென்ன. நானும் எத்தனையோ நோட்டுல எழுதியிருக்கேன். எனக்கு யாரும் எழுதினதில்ல. பார்த்துட்டு வராம இருக்க முடியுமா?" சிரித்தார். "மூணு எட்டு மாதிரி இருக்குன்னீங்க, வாஸ்தவம்தான். மாத்திட்டேன். கடைசி பெஞ்சுக்குக் கேக்காதுன்னீங்க. அதுக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல. எனக்குப் பெஞ்சே கிடையாது டீச்சர். நான் ஆஸ்பத்திரியில வாத்தியார்."

நான் நாற்காலியை இன்னும் திரைப் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"மாசக்கணக்கில படுத்திருக்கிற பிள்ளைங்க. பக்கத்துல உக்காந்து ஒவ்வொருத்தரா சொல்லிக் குடுக்கணும். அடுத்த கட்டில்ல தூங்கறவங்க எழுந்துடக் கூடாது, அதான் குரல். முகத்தப் படம் பிடிக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க, அதான் கை மட்டும். பிள்ளை மருந்து மயக்கத்துல யோசிக்கும், நேரமாகும். காத்திருக்க வேண்டியதுதான்."

பின்னால் விசிலை விரலில் சுழற்றிக்கொண்டிருந்த டிரில் மாஸ்டர் நிறுத்திவிட்டார். தாள் சுத்தமாக இருந்தது என்று நான் எழுதியது ஞாபகம் வந்தது. எனக்கு என்மேலேயே கோபம் கோபமாக வந்தது. அந்தச் சின்ன விரலைத்தான் நான் வேகமாக ஓட்டிப் பார்த்தேன்.

"உங்க வகுப்ப முழுசாப் பார்த்தேன் டீச்சர். ரெண்டு தடவை," என்றார் அவர். "நல்லா நடத்துறீங்க. ஆனா எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எங்கிட்ட எப்பவும் ஒரு பிள்ளைதான் இருக்கும். அதனால பாடம் ஓடும்போது வாத்தியாரப் பார்க்க வராது, பிள்ளையத்தான் பார்ப்பேன். உங்க வீடியோ ஓரத்துல ஒரு கை இருக்கு. முகம் தெரியல. காது வரைக்கும் ஏறுது, இறங்கிடுது. இப்படி மூணு தடவை. மூணாவது கேள்விப் பெட்டியில அதத்தான் கேட்டிருக்கேன். நேர்ல சொல்லிட்டு அனுப்பலாம்னுதான் வச்சிருந்தேன். நீங்க பதில் எழுதினீங்கன்னா சான்றிதழ் வந்துடும். தப்பா எடுத்துக்காதீங்க."

யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். சிறிது நேரத்தில் அவர் மதிப்பீடு என் பக்கத்தில் வந்து நின்றது. மூன்றாவது பெட்டியில் ஒரே வரி: 'அந்தக் கை என்ன கேட்க வந்தது?'

வீடியோவை நாங்கள் மறுபடி போட்டோம். இருந்தது. நான் போர்டுப் பக்கம் திரும்பி எழுதும்போதெல்லாம் திரையின் இடது ஓரத்தில் ஒரு கை மேலே வருகிறது, கொஞ்சம் நிற்கிறது, இறங்குகிறது. மூன்றாவது தடவை நான் சட்டென்று வகுப்பைப் பார்த்துத் திரும்ப, அந்தக் கை தலையைச் சொறிவதுபோல் முடிக்குள் போய்விடுகிறது. அந்த இடத்தில் உட்காருகிறவள் மௌனசாமி.

"'சந்தேகம் கேட்க'ன்னு போட்டு அனுப்பிடுங்க டீச்சர். நாளைக்குக் கடைசி நாள்," என்றார் டிரில் மாஸ்டர். "யாரு வந்து பார்க்கப் போறா?"

அடித்தேன். 'மூன்றாம் படியில் சந்தேகம் கேட்க வந்தது.' அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைத்தேன். விடை தெரியாமல் தாளில் எதையாவது எழுதி ஒப்பேற்றுகிற பிள்ளைகளை நான் என்ன பாடு படுத்துவேன் என்பது அந்த மாடி முழுக்கத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

மறுநாள் பத்தாம் வகுப்புக்குள் நுழைந்ததும் புத்தகத்தைத் திறக்கவில்லை. நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனேன். நான் அங்கே போனால் யாருக்கோ அர்ச்சனை என்று அர்த்தம்.

"அன்னிக்குப் படம் பிடிச்சோமே, அப்போ கை தூக்கினே. என்ன கேக்க வந்தே?"

மௌனசாமி எழுந்து நின்றாள். "ஒண்ணுமில்ல டீச்சர்."

"ஒண்ணுமில்லாமயா மூணு தடவை தூக்கினே?" என்று குரல் எகிறிவிட்டது. அவள் தலை குனிந்துகொண்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன். பன்னெண்டுல ஏழு போனா என்று கேட்டுவிட்டு அந்த மனுஷன் சும்மா இருந்தாரே, அந்த மாதிரி நானும் சும்மா இருக்க முயற்சி செய்தேன். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. நாக்கு நுனியில் வார்த்தை வந்து வந்து முட்டியது. விழுங்கினேன். யாரோ இருமினார்கள். மைதானத்தில் விசில் சத்தம் கேட்டது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களான்னு கேக்க வந்தேன் டீச்சர்," என்றாள்.

"என்னது?"

"போர்டு தெரியல. நீங்க மறைக்கிறீங்க."

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்து வரிசையில் இருந்த இன்னொருத்தி, "எங்களுக்கும்தான் டீச்சர்," என்றாள். அவளுக்கு முன்னால் இருந்தவன் தலையாட்டினான்.

"எத்தனை நாளா?"

மௌனசாமி யோசித்தாள். "நீங்க எங்க வகுப்புக்கு வந்ததிலேருந்து."

"அப்புறம் எப்படி நோட்டுல எழுதினே?"

"அழிக்கறதுக்கு முன்னாடி டஸ்டர் எடுக்க மேசைக்குப் போவீங்க இல்ல, அப்போ தெரியும். அதுக்குள்ள எழுதிக்குவேன். பாதிதான் எழுத முடியும்." பிறகு, கேட்காமலே சொன்னாள்: "கண்ணு டெஸ்ட் பண்ணினோம் டீச்சர். கண்ணுல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க."

எனக்குத் தெரியும், யார் சொன்னார்கள் என்று. நான் அவளைத் தள்ளி உட்காரச் சொல்லி அந்த இடத்தில் உட்கார்ந்தேன். முன்னால் ஒரு பையனைப் போய் நான் நிற்கிற இடத்தில் நிற்கச் சொன்னேன். அவன் என்னில் பாதிதான் இருப்பான். அவனே போர்டில் பாதியை மறைத்தான். டிரில் மாஸ்டரை நான் திட்டிய திட்டு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எழுந்துபோய் முதல் பாடத்திலிருந்து விட்டுப்போன கணக்குகளைப் போட ஆரம்பித்தேன். ஒரு வரி எழுதி, சுவரோரம் ஒதுங்கி, அடுத்த வரி எழுதினேன். மணி அடிக்கும்வரை டஸ்டரைத் தொடவில்லை.

மதியம் கம்ப்யூட்டர் அறையில் பதில் அடித்தேன். கறுப்பு எழுத்தில்தான். 'போர்டு தெரியவில்லை, தள்ளி நில்லுங்கள் என்று சொல்ல வந்தது. நான் மறைத்துக்கொண்டு நின்றேன். இதற்கு முன்னால் படித்துப் போனவர்களுக்கும் மறைத்திருப்பேன்.' அனுப்பினேன். உடனே சான்றிதழ் வந்தது. 'இப்பயிற்சியை வெற்றிகரமாக நிறைவு செய்த பட்டாசு அவர்களுக்கு' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. பெயரை மாற்ற வழியில்லையாம். அதைத் தலைமையாசிரியை மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு படித்தார்.

"பத்தாவது உங்களுக்குத்தான் டீச்சர்," என்றார்.

ஸ்டாஃப் ரூமுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தேன். டிரில் மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவர் சான்றிதழைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் வாய் வழக்கம்போல் திட்டத்தான் தொடங்கியது. "சிரிங்க, நல்லா சிரிங்க. இந்தப் பேர வைக்கச் சொன்னதே நீங்கதான். உங்கள மாதிரி ஒரு ஆள..." என்று நான் ஏறிக்கொண்டே போக, அவர் எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"போகுது பாருங்க," என்றார்.

"எது?"

"உங்க கடைசி பெஞ்சுப் பொண்ணு. நோட்ட வச்சுக்கிட்டு வாசல்ல நின்னுச்சு. நீங்க சத்தம் போட்டதும் திரும்பிடுச்சு. எப்பவும் இப்படித்தான். வரும், நிக்கும், போயிடும்."

"எப்பவும்னா?"

"வருஷம் பூரா டீச்சர். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

எழுந்து வாசலுக்கு ஓடினேன். முட்டிவலி எல்லாம் அப்போது தெரியவில்லை. தாழ்வாரத்தில் அவள் பாதி தூரம் போயிருந்தாள்.

"ஏய், நில்லும்மா."

நின்றாள். நோட்டை நெஞ்சோடு பிடித்திருந்தாள். உள்ளே போய், ஜன்னலைப் பார்த்துக் கிடந்த என் நாற்காலியைத் தரையில் கிறீச்சென்று இழுத்து வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். பக்கத்தில் டிரில் மாஸ்டரின் நாற்காலியையும் இழுத்துப் போட்டேன். அவர் எழுந்து கொடுத்தார்.

அவள் வாசல்படிக்கு வந்து அங்கேயே நின்றாள்.

"உள்ள வா," என்றேன். "வரச் சொன்னதே நான்தானே?"